தையல் மேசை: முதல் நூலும் முதல் ஊசியும்

புதிதாகத் தைக்கத் தொடங்கியவர்களின் கடிதங்களையே இந்த முறை எடுத்து வைத்திருக்கிறேன். வெட்டுவதும் மடிப்பதும் இன்னொரு நாள். நூல், ஊசி, எலாஸ்டிக், பட்டன் என்று துணி வாங்கி முடித்த களைப்பில், கடைசி நிமிடத்தில் கைக்கு வந்ததை வாங்கிப் போடும் சில்லறைச் சாமான்களைப் பற்றி மட்டும் இன்று.

கேள்வி: ஒரு தலையணை உறையும், கைப்பிடி வைத்த துணிப் பையும் தைக்கப் போகிறேன். இரண்டும் பருத்தித் துணி. பருத்திக்குப் பருத்தி நூல்தான் போட வேண்டும் என்கிறார் ஒருவர். பாலியெஸ்டர்தான் உறுதி என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டாமவர் பேச்சை. ‘பருத்திக்குப் பருத்தி’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பன் பாலியெஸ்டர் என்று விற்கும் சாதாரணத் தையல் நூல், குட்டையான பாலியெஸ்டர் இழைகளைப் பஞ்சு நூற்பதுபோலவே முறுக்கிச் செய்வது. அதனால் பருத்தித் துணியின்மேல் மினுக்காமல் படிந்து உட்காரும். இழுத்தால் சற்று நீண்டும் கொடுக்கும். பையை நிரப்பித் தூக்கும் ஒவ்வொரு முறையும் கைப்பிடித் தையல் இழுபடுகிறது. நீண்டு கொடுக்காத பருத்தி நூல் அங்கே சீக்கிரம் அறுந்துபோகும்.

இஸ்திரி போட்டால் பாலியெஸ்டர் நூல் உருகாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அது உருக ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பருத்திக்கான அளவில் வைத்த இஸ்திரிப் பெட்டி 200 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு நூலைப் பற்றிய கவலை எழ நேரம் இருக்காது.

பருத்தி நூலுக்கும் இடம் உண்டு. தைத்து முடித்தபின் சாயம் போடப் போகிறீர்கள் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். பருத்திக்கான சாயத்தைப் பாலியெஸ்டர் ஏற்காது; பை முழுவதும் கருநீலமாகிவிட, தையல் வரி மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். பருத்தி நூல் வாங்கும்போது மெர்சிரைஸ்டு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இழையைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து வலுவும் சாயப்பிடிப்பும் ஏற்றிய நூல் அது. ஜான் மெர்சர் என்பவர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறை. இழையை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பும் சேரும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

எந்த நூலானாலும் வாங்குமுன் ஒரு சோதனை. கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மெல்லிய ரோமம் எல்லா ஸ்பன் நூலிலும் தெரியும், அது குற்றமில்லை. ஓரிடத்தில் முடிச்சுப்போலத் தடித்து, அடுத்த அங்குலத்தில் மெலிந்து போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தக் கண்டு வேண்டாம். தடித்த இடம் ஊசிக்காதில் சிக்கும், மெலிந்த இடம் அறும். அடுத்து, நுனியை முறுக்குக்கு எதிராகத் திருகுங்கள். இரண்டோ மூன்றோ புரிகளாகப் பிரிந்தால் நல்லது. பஞ்சாக உதிர்ந்தால் அதைப் பொட்டலம் கட்ட வைத்துக்கொள்ளலாம்.

எம்பிராய்டரிக்கான ரேயான் நூல் பளபளவென்று கண்ணை இழுக்கும். அதில் இணைப்புத் தையல் போடாதீர்கள். ரேயான் நனைந்தால் வலு குறையும் சாதி. பருத்தியோ நனைந்தால் வலு கூடும். ‘அறவே அறாத’ தடித்த நைலான் நூலும் வேண்டாம். துணியைவிட நூல் வலுவாக இருந்தால், இழுபடும்போது நூல் தப்பித்துக்கொள்ளும், துணி கிழியும். அறுந்த தையலை மறுபடி தைத்துவிடலாம். கிழிந்த துணிக்கு ஒட்டுத்தான் போட வேண்டும்.

கேள்வி: நூல்கண்டில் 40/2 என்றும், இன்னொன்றில் 120 என்றும், வேறொன்றில் டெக்ஸ் 27 என்றும் போட்டிருக்கிறது. எது பருமன், எது மெல்லிசு?

ஒரே ஊருக்கு மூன்று வழிப்பலகை வைத்ததுபோல, நூல் பருமனைச் சொல்ல இத்தனை கணக்கு. டெக்ஸ் ஒன்றுதான் நேர்க்கணக்கு: 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெக்ஸ் எண். 27 கிராம் என்றால் டெக்ஸ் 27. எண் கூடினால் நூல் பருக்கும்.

மற்ற இரண்டும் தலைகீழ். எண் கூடக்கூட நூல் மெலியும். 40/2 என்பதில் 40 என்பது புரியின் நேர்த்தியைச் சொல்கிறது, 2 என்பது இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கியது என்பதை. ஆகவே 40/3 அதைவிடத் தடித்தது. பாலியெஸ்டர் கண்டில் தனியாக 120 என்று இருந்தால் அது டெக்ஸ் 25-ஐ ஒட்டிய நூல். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்: டெக்ஸ் 25 முதல் 30 வரை, அல்லது 120. தலையணை உறை, சட்டை, பாவாடை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஜீன்ஸ் துணியின் மேல்தையல் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் மட்டும் தடித்த நூலுக்குப் போங்கள்.

கேள்வி: ஒரு பைக்கு எத்தனை கண்டு வாங்குவது?

ஒன்று. இயந்திரத் தையலில் ஒரு மீட்டர் வரிக்கு மேல்நூலும், ஊசிக்கு அடியில் இருக்கும் பாபின் என்ற சிறு உருளையின் நூலும் சேர்ந்து சுமார் மூன்று மீட்டர் செலவாகும். ஓரம், அடி, கைப்பிடி எல்லாம் கூட்டினாலும் ஒரு சிறிய பையில் ஐந்தாறு மீட்டர் வரிதான் வரும். 100 மீட்டர் கண்டில் பாதிகூடத் தீராது. பெரிய கோன் நூல் மலிவாகத் தெரியும். ஆனால் அதில் பல, துணி ஓரத்தைப் பல நூலால் கட்டும் ஓவர்லாக் இயந்திரத்துக்கானவை, மெல்லியவை. மூன்று நான்கு நூல் சேர்ந்து பிடிக்கும் வேலையை ஒரே நூலிடம் கேட்கக்கூடாது.

கேள்வி: கடையில் துணியோடு வைத்துப் பார்த்து, மிகச் சரியான நிறத்தில்தான் நூல் வாங்கினேன். தைத்த பிறகு வெளிறித் தெரிகிறது. ஏன்?

கண்டைத் துணிமேல் வைத்துப் பார்த்திருப்பீர்கள். கண்டில் ஆயிரம் சுற்று நூல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். துணியில் விழுவது ஒற்றை இழை. அதனால் ஒரு இழையை மட்டும் பிரித்துத் துணிமேல் கிடத்திப் பாருங்கள், அதுவும் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில். இரண்டு நிறங்களுக்கு நடுவே தயங்கினால் சற்று அடர்ந்ததை எடுங்கள். அது துணிக்குள் மறையும், வெளிறியது மேலே மிதக்கும். பல நிறப் பூ போட்ட துணியானால் பூவை விட்டுவிட்டு அடித்துணியின் நிறத்தைப் பாருங்கள். எதுவுமே ஒத்து வரவில்லையா? நடுத்தரச் சாம்பல் நிறம். என் மேசையில் சாம்பல் கண்டு ஒன்று எப்போதும் இருக்கும். நம்ப மாட்டீர்கள், பச்சைக்கும் ஊதாவுக்கும்கூட அது ஒதுங்கிப் போகும்.

கேள்வி: இயந்திரத்தோடு வந்த ஊசி ஒன்று இருக்கிறது. ஒடியும்வரை அதிலேயே தைக்கலாமா?

கூடாது. ஒடிவதற்கு வெகு முன்பே ஊசி மழுங்கிவிடும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்பது பொதுவான கணக்கு. மணி பார்ப்பது தொல்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஊசி துணிக்குள் இறங்கும்போது ‘டப் டப்’ என்று குத்தும் சத்தம் கேட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பாக்கெட்டில் 80/12 என்பதுபோல இரண்டு எண் இருக்கும். 80 என்றால் ஊசித் தண்டின் குறுக்களவு 0.80 மில்லிமீட்டர், 12 என்பது அதே ஊசிக்கு இன்னொரு கணக்கில் உள்ள எண். மெல்லிய வாயில் துணிக்கு 70/10, சாதாரணப் பருத்திக்கு 80/12, தடித்த பைத் துணிக்கு 90/14, ஜீன்ஸ் மடிப்புக்கு 100/16. இழுத்தால் நீளும் பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி வேண்டும். கூர் ஊசி அதன் இழையை அறுத்துவிடும், பால்பாயின்ட் இழைகளுக்கு நடுவே விலக்கிக்கொண்டு இறங்கும். கைத்தையல் ஊசியில் மட்டும் எண் கூடினால் ஊசி மெலியும். இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.

நூலும் ஊசியும் ஒத்துப்போகின்றனவா என்று தைக்காமலே பார்க்கலாம். இயந்திரத்தில் மாட்டாத ஊசியில் ஒரு முழ நூலைக் கோர்த்து, இரு முனையையும் பிடித்து நூலைச் சரிவாக நிறுத்துங்கள். ஊசி தன் எடையில் வழுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் ஊசிக்காது சிறியது, ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். மேல்நூலின் ஒவ்வொரு அங்குலமும் தையலாக உட்காருமுன் இந்தக் காதுக்குள் பல முறை மேலும் கீழும் போய்வருகிறது. அந்த உராய்வைத் தாங்காமல்தான் நூல் பிசிறிட்டு அறுகிறது. பழியை நூல் மேல் போடுகிறோம்.

கேள்வி: விலை அதிகமான நூல்தான் வாங்கினேன். துணியின் அடிப்பக்கம் கொத்துக் கொத்தாக நூல் சுருண்டு நிற்கிறது. நூல் போலியா?

நூலை விடுங்கள். அடியில் சுருண்டால் குற்றம் பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து நூலைக் கோர்த்துவிடுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலேயே நின்றுவிடும். பாபினிலும் அதே நூலைச் சுற்றுங்கள். மேலே ஒன்று, கீழே தடித்த வேறொன்று என்று கலக்காதீர்கள். ஊசியின் தட்டைப் பக்கம் சரியான திசையைப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் சுருண்டால் மட்டும் டென்ஷன் திருகைத் தொடலாம்.

கேள்வி: நூறு பொருள் அடங்கிய தையல் பெட்டி ஒன்றை என் மகளுக்குப் பரிசாக வாங்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?

வாங்காதீர்கள். எண்ணிக்கையைக் காட்டி விற்கும் பெட்டியில், விரல் நீளத்துக்குச் சுற்றிய பலநிற நூல் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பாவாடை ஓரம் மடித்து அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். கத்தரிக்கோல் காகிதம் வெட்டவே திணறும். அந்தப் பணத்தில் ஐந்தாறு நல்ல பொருளைத் தனித்தனியாக வாங்கிக் கொடுங்கள்.

முதலில் கத்தரிக்கோல். எட்டு அங்குலம் போதும். வாங்குமுன் துணியை இரண்டாக மடித்துக் கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். அடியில் எல்லாக் கத்தரியும் வெட்டும். நுனி துணியை மென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதில் காகிதம் வெட்டக்கூடாது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரு முறை உரக்கச் சொல்லிவிடுங்கள். என் கத்தரியின் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. நூல் நறுக்க வேறு ஒரு சின்னக் கத்தரி போதும்.

அளவு நாடா 150 சென்டிமீட்டர். பழைய பிளாஸ்டிக் நாடா நாளடைவில் நீண்டுவிடும், அதனால் இரும்பு அளவுகோல் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியிழை சேர்ந்த நாடா அப்படி நீளாது. குண்டூசியில் கண்ணாடித் தலை வைத்தது வாங்குங்கள். பிளாஸ்டிக் தலை இஸ்திரிச் சூட்டில் உருகித் துணியில் ஒட்டும். தையல் பிரிப்பான் கட்டாயம். விலையில் மிகச் சிறியது, உழைப்பில் பெரியது. அதன் கூர்முனையைத் தையலுக்கு அடியில் நுழைத்து, இரண்டு மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை இழுத்தால் முழு வரியும் கழன்று வரும்.

குறி போடுவதற்கு நான் சாதாரணச் சுண்ணச் சாக்கைத்தான் நம்புகிறேன். மெழுகு கலந்த சாக் இஸ்திரி போட்டால் எண்ணெய்க் கறையாகத் தங்கலாம். தண்ணீரில் மறையும் நீலப் பேனாக் குறியை இஸ்திரிக்கு முன்பே வெறும் தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் நிலைத்துவிடும். சூடு பட்டால் மறையும் பேனா இன்னும் வேடிக்கை: சுமார் 60 டிகிரியில் மறைந்த மை, உறைகுளிரில் வைத்தால் திரும்ப எட்டிப் பார்க்கும். வெளிப்பக்கம் தெரியும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

கேள்வி: எலாஸ்டிக் வைத்த பாவாடை தைத்தேன். இடுப்புப் பட்டிக்குள் எலாஸ்டிக் சுருண்டு கயிறாகிவிடுகிறது.

பின்னல் எலாஸ்டிக் வாங்கியிருப்பீர்கள். இழுத்துப் பாருங்கள்: இழுக்கும்போது அகலம் குறைந்தால் அது பின்னல் வகை. குறுகிய பட்டிக்குள் விட அது சரி. அகலப் பட்டிக்குள் சுருளும். நெய்த எலாஸ்டிக் இழுத்தாலும் அகலம் குறையாது, இடுப்புக்கு அதுதான். ஊசி குத்தினால் பின்னல் எலாஸ்டிக் வலுவிழப்பதும் உண்டு, ஆகவே அதன் மேலேயே தையல் ஓட்டக்கூடாது.

பட்டியின் அகலமும் முக்கியம். எலாஸ்டிக்கைவிட அரை சென்டிமீட்டர் முதல் ஒன்று வரை கூடுதலாக இருக்கட்டும். அதற்கு மேல் இடம் விட்டால் உள்ளே புரண்டு படுக்கும். நீளத்துக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். எலாஸ்டிக்கை இடுப்பில் சுற்றி, உட்கார்ந்து எழுந்து பார்த்து, இதமாக நிற்கும் இடத்தில் குறி வையுங்கள். முனைகளை இரண்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஜிக்ஜாக் தையல் போடுங்கள். முடிச்சுப் போடுகிறவர்கள் நாற்காலியில் சாயும்போது அதன் பலனை அறிவார்கள்.

கேள்வி: ஜிப் எட்டு அங்குலம் கேட்டால் பத்து அங்குலம்தான் இருக்கிறது என்கிறார்கள்.

பத்தையே வாங்குங்கள், நைலான் ஜிப்பாக இருந்தால். எட்டாவது அங்குலத்தில் பல்லின் குறுக்கே ஊசியால் நெருக்கமாக ஏழெட்டு முறை தைத்துத் தடுப்புக் கட்டி, அதற்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடலாம். உலோகப் பல் வைத்த ஜிப்பில் இதற்குப் பல்லைப் பிடுங்க வேண்டும். புதிதாகத் தைப்பவர்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: தைக்கத் தெரியாது, சட்டைப் பட்டன் மட்டும் தைத்துக்கொள்ள ஆசை. கை நூல் எப்போதும் சிக்கலாகிவிடுகிறது. — கல்லூரி மாணவன்

தம்பி, நூலை ஆள் உயரத்துக்கு எடுத்திருப்பீர்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சுமார் 45 சென்டிமீட்டர், போதும். கண்டிலிருந்து வெட்டிய உடனே தேன்மெழுகுக் கட்டியின்மேல் ஒரு முறை இழுத்தால் நூல் முறுக்கிக்கொள்ளாது. நுனியைச் சாய்வாக வெட்டினால் காதுக்குள் எளிதாக நுழையும்.

பட்டனைத் துணியோடு ஒட்டித் தைக்காதீர்கள். பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன்மேலாக நூலை ஓட்டுங்கள். நான்கைந்து சுற்று ஆனதும் குச்சியை உருவி, பட்டனை மேலே இழுத்து, அடியில் தொங்கும் நூலைச் சுற்றி மூன்று நான்கு சுற்று இறுக்கிப் பின்பக்கம் முடிச்சிடுங்கள். காஜா, அதாவது பட்டன் துளை, உள்ள துணியின் பருமன் அந்த இடைவெளியில்தான் உட்கார வேண்டும். ஒட்டித் தைத்த பட்டன் போடும்போதே காஜாவைச் சுளிக்க வைக்கும், நாள்பட நூலையும் தின்னும்.

கேள்வி: காலருக்குள் வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ் துவைத்ததும் கொப்புளமாக எழும்புகிறது.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்திருப்பீர்கள். பசை உருகித் துணிக்குள் இறங்க அழுத்தமும் நேரமும் வேண்டும். ஓரிடத்தில் வைத்து 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை தொடாதீர்கள். வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவைத்தீர்களா? துணி பின்னால் சுருங்கி, கேன்வாஸ் சுருங்காமல் நின்றாலும் இதே கொப்புளம்தான்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த நூல்பெட்டி கிடைத்திருக்கிறது. மரக் கட்டையில் சுற்றிய கண்டுகள். பயன்படுத்தலாமா? எது பருத்தி, எது செயற்கை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொன்றிலும் மேல்சுற்று ஒரு மீட்டரைக் கழித்துவிடுங்கள். வெளிச்சமும் தூசும் அதைத்தான் முதலில் கெடுத்திருக்கும். அடுத்த முழத்தை இரு கையிலும் பிடித்துச் சட்டென்று இழுங்கள். ‘பட்’டென்ற ஓசையோடு, விரல் வலிக்க அறுந்தால் நல்ல நூல். ஓசையில்லாமல் நழுவி அறுந்தால் இயந்திரத்துக்கு ஆகாது. தற்காலிக ஓட்டுத் தையலுக்கு வைத்துக்கொள்ளலாம். பிரிப்பதற்கு எளிது.

வகை தெரிய எரித்துப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும், நூலைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள். பருத்தி உடனே பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாக உதிரும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, நொறுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் சுடரைக் கண்டு பின்வாங்கி உருகி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கடின மணியாக நிற்கும். ஆறுவதற்கு முன் அதைத் தொட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே விரலால் தொடுங்கள்.